சுகர் மாத்திரையை நிறுத்த வச்ச காளான் கேப்சூல்: யார் மேல கேஸ் போடலாம்?

கேள்வி: எங்க அப்பாவுக்கு 63 வயசு, 12 வருஷமா சுகர். எங்க தெருவுல இருக்கிற ஒரு அக்கா கனோடெர்மா காளான் கேப்சூலும் காளான் காபியும் கொடுத்து, மூணு மாசத்துல சுகரே இருக்காது, மாத்திரையை நிறுத்திடுங்கன்னு சொன்னாங்க. நிறுத்திட்டார். தலை சுத்துதுன்னப்போ, பயப்படாதீங்க உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுதுன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புனாங்க. கொஞ்ச நாள்ல மயங்கி விழுந்து, சுகர் 500-ஐ தாண்டி ஐ.சி.யு.ல சேர்த்தோம். பில் 1,38,000. நானும் 14,000 ரூபா கட்டி அதே கம்பெனியில விற்பனையாளரா ஐ.டி. போட்டு, எங்க அத்தைக்கும் இதை வித்திருக்கேன். பணம் எல்லாம் ஜிபே, பில் தரலை. போலீஸுக்கு போகவா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போகவா?

பதில்: சகோதரி, முதல்ல ஒண்ணு. காளான் கேப்சூல் விக்கிறது நம்ம சட்டத்துல குற்றம் இல்ல. கனோடெர்மாவை சீனாவுல லிங்ஷி, ஜப்பான்ல ரெய்ஷின்னு ரொம்ப காலமாவே மருந்தா பயன்படுத்துறாங்க, இங்க கேப்சூலா அடைச்சு விக்கிறப்போ பெரும்பாலும் ஹெல்த் சப்ளிமெண்ட்டுங்கிற பேர்ல, அதாவது உணவா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கிற மத்திய உணவு பாதுகாப்பு ஆணையத்தோட லைசென்ஸ்ல விக்கிறாங்க. அதனால "காளான் எங்க அப்பாவை கெடுத்துடுச்சு"ன்னு கேஸை ஆரம்பிச்சீங்கன்னா முதல் ஹியரிங்லயே மாட்டிக்குவீங்க. உங்க கேஸ் காளான் மேல இல்ல, அந்த அக்கா வாயால சொன்னது மேல. சுகர் குணமாகும், மாத்திரையை நிறுத்துங்க, தலை சுத்தினா நல்லதுதான், இந்த மூணு வாக்கியம்தான் கேஸ்.

இதை எதுக்கு இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, உணவுப் பாதுகாப்பு சட்டம் 2006-ம் அதுக்கு கீழ 2016-ல வந்த சப்ளிமெண்ட் விதிகளும் இந்த மாதிரி பொருள் எந்த நோயையும் குணப்படுத்தும்னு சொல்லவே கூடாதுன்னு சொல்லுது, லேபிள்லயே மருந்தா பயன்படுத்த அல்லன்னு போடணும். பாட்டிலை திருப்பி பாருங்க, பொடி எழுத்துல இருக்கும். கம்பெனி நாளைக்கு அந்த வரியை காட்டித்தான் தப்பிக்கப் பார்க்கும். இன்னொரு சட்டம் 1954-ல வந்தது, மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம். அதோட பட்டியல்ல நீரிழிவு, கேன்சர் எல்லாம் இருக்கு, இந்த நோய்களை குணப்படுத்தும்னு மருந்துக்கு விளம்பரம் பண்ணவே கூடாது, முதல் தடவைக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில். விளம்பரம்னா போஸ்டர் மட்டும்தான்னு நினைக்காதீங்க, வாய்மொழியா அறிவிக்கிறதும் அந்த சட்டப்படி விளம்பரம்தான். எங்களோடது மருந்தே இல்ல உணவுன்னு அவங்க வாதாடுவாங்க, அப்படி வாதாடினா நோய் குணமாகும்னு சொன்னதுக்கு உணவுச் சட்டத்தோட 53-வது பிரிவுல 10 லட்சம் வரைக்கும் அபராதம் காத்திருக்கு. எந்தப் பக்கம் போனாலும் பதில் சொல்லியாகணும்.

அறிவியலும் அவங்களுக்கு கை கொடுக்காது. டைப் 2 சுகர் இருக்கிறவங்களுக்கு கனோடெர்மா கொடுத்து நடந்த சோதனைகளை மருத்துவ ஆய்வுகளை தொகுத்து எடை போடுற கோக்ரேன்ங்கிற சர்வதேச அமைப்பு 2015-ல அலசி, கிடைச்ச ஆதாரம் இதை சிகிச்சையா பயன்படுத்துறதை ஆதரிக்கலைன்னு சொல்லிடுச்சு. வக்கீல் கிட்ட இதோட பிரிண்ட் அவுட் கொடுங்க.

இப்போ ஆதாரம். அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கிற போனை மாத்தாதீங்க, ரீசெட் போடாதீங்க, வாட்ஸ்அப்பை அழிச்சு திரும்ப ஏத்தாதீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய சாக்ஷிய சட்டத்துல, அதாவது புது சாட்சியச் சட்டத்துல, 63(4) பிரிவு கேட்கிற சர்டிஃபிகேட் இல்லாம எலக்ட்ரானிக் பதிவை கோர்ட்ல ஏத்துக்க வைக்கிறது கஷ்டம், அது உங்க வக்கீல் பார்த்துப்பார், ஆனா போன் அப்படியே இருக்கணும். ஜிபே ஸ்டேட்மெண்ட் எடுங்க, பில் இல்லைன்னு கலங்க வேண்டாம், உங்க ஐ.டி.யில லாகின் பண்ணா ஆர்டர் ஹிஸ்டரி இருக்கும், ஐ.டி.யை முடக்குறதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மிச்சம் இருக்கிற கேப்சூலை கோபத்துல தூக்கி எறியாதீங்க, பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருந்தா அது தங்கம்.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒரு காகிதம் இருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி. அதுல ஹிஸ்டரி பகுதியை வரி வரியா படிங்க. நிறைய ஆஸ்பத்திரியில "நோயாளி தானாகவே மருந்தை நிறுத்தியுள்ளார்"னு ஒரே வரியில எழுதிடுவாங்க, டாக்டரை குறை சொல்லலை, அவங்களுக்கு அந்த நேரத்துல உயிர்தான் முக்கியம். ஆனா அந்த "தானாகவே"தான் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆயுதம். அட்மிஷன் அப்போ காளான் சாப்பிட்டதையும் யார் சொல்லி நிறுத்தினார்ங்கிறதையும் நீங்க சொல்லியிருந்தா, கேஸ் ஷீட்டோட முழு நகல் கேளுங்க, நர்ஸ் எழுதின குறிப்புல இருக்க வாய்ப்பு உண்டு. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு கொடுக்கணும்னு 2002-ல வந்த மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. இல்லாததை எழுதித் தரச் சொல்லி மட்டும் கேட்காதீங்க, அது உங்களையே கவுத்துடும்.

எங்க போடுறதுன்னா, மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் முக்கியம். ஆனா மனுதாரர் நீங்க இல்ல, அப்பா. ஏன்னா நீங்க ஐ.டி. போட்டதால, இவங்க வியாபாரத்துக்கு வாங்கினவங்க, நுகர்வோரே இல்லைன்னு கம்பெனி கிளப்பும். வாங்கினவர் சம்மதத்தோட பொருளை பயன்படுத்தினவரும் நுகர்வோர்தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தோட 2(7) பிரிவு தெளிவா சொல்லுது, அதனால அப்பா பேர்ல போட்டா அந்த வாதம் நிக்காது. உங்க ஊர்லயே போடலாம், பொருளுக்கு கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருக்கிறதால ஃபீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். முதல் எதிர்மனுதாரரா கம்பெனியை போடுங்க, அந்த அக்காவை ரெண்டாவதா. "எங்க ஆளு சொந்தமா சொன்னது, எங்களுக்கு தெரியாது"ன்னு கம்பெனி கை கழுவ முடியாது. 2021 நேரடி விற்பனை விதிகள்ல கம்பெனி அனுமதிக்காத எதையும் விக்கிறவங்க சொல்லக்கூடாதுன்னு இருக்கு, அதே விதிகள் அவங்க விற்பனையால வர்ற புகாருக்கு கம்பெனியையும் பொறுப்பாக்குது. அந்த அக்காவுக்கும் யாரோ மீட்டிங்ல இதையே சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அதை அவங்க வாயால கோர்ட்ல சொன்னா உங்க கேஸ் ரெண்டு மடங்கு பலமாகும், அதனால தெருவுல சண்டை போட்டு பகையாக்கிக்காதீங்க.

இதோட கூடவே மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்துல ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. பாட்டில்ல இருக்கிற 14 இலக்க லைசென்ஸ் நம்பரையும் பேட்ச் நம்பரையும் அதுல எழுதுங்க. உணவுச் சட்டத்துல குற்ற வழக்குன்னா பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு போகணும், அதனால தள்ளிப் போடாதீங்க. சாம்பிளை அவங்களே எடுத்து லேபுக்கு அனுப்புறதுதான் சரி, நீங்களே பிரிச்சு கொண்டு போன பாட்டிலை எதிர்த்தரப்பு சந்தேகப்படும்.

போலீஸ்ல கொடுக்கலாம், ஏமாத்துறதுக்கு பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்துல 318-வது பிரிவு இருக்கு. ஆனா ஏமாத்தணும்கிற எண்ணம் ஆரம்பத்துலயே இருந்ததை காட்டணும், பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடாம சி.எஸ்.ஆர்.ங்கிற புகார் ரசீது மட்டும் போட்டுக் கொடுத்துட்டு கோர்ட்ல பார்த்துக்கோங்கம்பாங்க. கொடுத்து வைங்க, அதையே நம்பி உட்காராதீங்க. உங்க 14,000 வேற விஷயம். சேர்றதுக்கே கட்டணம் வாங்கியிருந்தா, ஆள் சேர்த்தாத்தான் வருமானம்னு இருந்தா, அது நேரடி விற்பனை விதிகளுக்கு விரோதம், 1978 பணச் சுழற்சி தடைச் சட்டமும் அதுல வரும். அதை அப்பா கேஸோட கலக்காதீங்க, கம்பெனி குறைதீர் அதிகாரிக்கு தனியா மெயில் போடுங்க, ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும், இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க.

கடைசியா உங்க அத்தை. கேட்க கஷ்டமா இருக்கும், ஆனா சட்டத்தோட கண்ணுல அந்த அக்கா உங்களுக்கு என்னவோ அதுதான் நீங்க அத்தைக்கு. இன்னைக்கே போன் பண்ணுங்க, எந்த மாத்திரையையும் நிறுத்தியிருந்தா உடனே டாக்டரை பார்க்கச் சொல்லுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா இன்னும் அவசரம், கனோடெர்மாவால ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பேசினதையே வாட்ஸ்அப்லயும் எழுதி அனுப்புங்க, வாங்கின பணத்தை ஜிபேயில திருப்பிப் போடுங்க. கேஸ் பேப்பரை எடுத்துக்கிட்டு வக்கீலை பார்க்கிறது அதுக்கு அடுத்த வேலை.