கப்பல் கட்டும் தளத்துக்கு மகனை அனுப்பும் முன்

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

ஐடிஐயில் வெல்டர் முடித்த மகனைக் குஜராத் கப்பல் கட்டும் தளத்துக்கு அழைத்துப்போக ஒரு மேஸ்திரி வந்திருக்கிறார், ஆனால் அந்தத் தொழில் நலிந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அம்மா. அங்கே அவன் யாருடைய ஆளாக வேலை செய்யப் போகிறான் என்பதை முதலில் விசாரியுங்கள்.

கப்பல் கட்டுவது ஆர்டரை நம்பிய தொழில். 2008 நெருக்கடிக்குப் பிறகு சரக்குக் கட்டணம் விழுந்தது, புதிய ஆர்டர்களும் வற்றின. சூரத்திலும் தஹேஜிலும் தளம் வைத்திருந்த ஏபிஜி ஷிப்யார்டு 2017இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2019இல் அதன் சொத்துகளை விற்றுக் கடனை அடைக்க உத்தரவானது. இப்படி நேர்ந்தால், கடைசி 24 மாதச் சம்பளப் பாக்கியில் தொழிலாளிக்கு அடமானம் பிடித்த வங்கிக்கு இணையான உரிமையைத் திவால் சட்டம் தருகிறது. பி.எஃப்., பணிக்கொடை நிதிகளில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. பதிவேட்டில் பெயரே இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்?

தென்கொரியாவின் கோஜே தீவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் 2022இல் நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது. நலிவுக் காலத்தில் வெட்டப்பட்ட கூலியை ஈடுகட்ட 30 சதவீத உயர்வு கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வெல்டர் ஒரு மீட்டர் அளவே இருந்த இரும்புக் கூண்டுக்குள் தன்னையே அடைத்துக்கொண்டார். கிடைத்தது 4.5 சதவீதம். வேலை வாங்கிய பெரிய நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டது.

எனவே ஒப்பந்த நிறுவனத்தின் பெயரை மேஸ்திரியிடம் எழுத்தில் கேளுங்கள். பி.எஃப். கணக்கு எண், மாதாமாதம் சம்பளச் சீட்டு, வங்கி வழியாகக் கூலி, இந்த மூன்றும் உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் கைவிரித்தால் முதன்மை நிறுவனம், அதாவது வேலை வாங்கும் கப்பல் தளம், தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கச் சீட்டு வேண்டும். மேஸ்திரி பதில் சொல்லாமல் மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

முதலில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேரட்டும் என்பேன். அதோடு 6ஜி நிலையில், அதாவது சாய்வாக அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும், பற்றவைக்கப் பழகட்டும். அது கைவந்தால் கொதிகலன் வேலைக்கும் எண்ணெய்க் குழாய் வேலைக்கும் அழைப்பார்கள். கப்பல் தளம் ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஐடிஐ சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு அவனை அழைத்து வாருங்கள், அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்துவிடலாம்.