மாத்திரை விழுங்கினால் கையுறை வேண்டாமா?

கேள்வி: என் கணவர் பத்து ஆண்டுகளாகப் பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின், பூச்சிமருந்து நஞ்சிலிருந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் காப்பதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். தினமும் அந்த மாத்திரையை விழுங்குகிறார்; கையுறை போடுவதையே விட்டுவிட்டார். இது சரியா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, கையுறையை இன்றே மறுபடியும் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஆய்வுகள் பொய்யல்ல. அப்படியொரு சோதனைக்கூடத்தில் நானே நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை மட்டும் கொடுத்த எலியின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் வீங்கி, உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கூடவே குர்குமின் பெற்ற எலிக்கு அந்தச் சிதைவு குறைவு. முதன்முதலாக அதைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் இதுதான். குளோர்பைரிபாஸைக் கல்லீரல் நொதிகள் மாற்றும்போது, அதைவிடக் கடுமையான ஆக்சான் என்ற நஞ்சு உருவாகிறது. செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பெருகுகின்றன. அவற்றைத் தணிக்க உடல் வைத்திருக்கும் குளூட்டதயோன் என்ற பொருள் செலவழிந்து தீர்ந்துபோகிறது. குர்குமின், கருஞ்சீரகத்தில் இருக்கும் தைமோகுயினோன், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின் ஆகியவை இந்தக் கையிருப்பு சரியாமல் தாங்கிப்பிடிக்கின்றன. சிறுநீரகத்திலும் ஏறத்தாழ இதே கதைதான்.

ஆனால் நாங்கள் குர்குமினை உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று அளந்து, நஞ்சு தருவதற்குச் சற்று முன்பாகவே எலியின் வயிற்றுக்குள் குழாய் வழியாக இறக்கினோம். ஒரே நஞ்சு, சில வாரங்கள், அவ்வளவுதான். உங்கள் கணவரின் பத்து ஆண்டுகளை எந்த எலியும் வாழவில்லை. மனித உடலில் விழுங்கிய குர்குமினில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேர்கிறது. அதைக் கூட்டுவதற்காகச் சில மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். செறிவூட்டிய இத்தகைய மாத்திரைகளாலேயே கல்லீரல் வீங்கி, மஞ்சள்காமாலை வந்தவர்கள் இருக்கிறார்கள். சமையல் மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்கே இருப்பதால், அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்று. குளோர்பைரிபாஸ் வகை நஞ்சு முதலில் அடிப்பது நரம்பைத்தான். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். கண்மணி சுருங்குதல், எச்சில் ஒழுகுதல், மூச்சுத் திணறல் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இந்த நஞ்சின் விளைவைத் தணிக்கும் அட்ரோபின் ஊசி இருக்கிறது; குர்குமின் அந்த வேலையைச் செய்யாது.

பூச்சிமருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே உள்ளே போகிறது. அடிக்கும் நேரத்தைவிட, கெட்டி மருந்தை அளந்து தண்ணீரில் கலக்கும் நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். துணிக் கையுறை நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள். அவருடைய சட்டையைத் தனியாகத் துவையுங்கள். துவைப்பது நீங்கள் என்றால், சகோதரி, உங்களுக்கும் ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும்.

அடுத்த முறை மருந்து அடிக்கத் தொடங்கும் முன்பே நஞ்சு முடக்கும் அந்த நொதியை அளக்கும் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்துவைத்தால், பிறகு அளவு இறங்கினால் தெரியும். கல்லீரல் நொதிகளையும் பாருங்கள். சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறையும்வரைகூட அது இயல்பாகவே காட்டக்கூடும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த மாத்திரைப் புட்டியையும் பூச்சிமருந்து டப்பாவின் லேபிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.