செத்த சொறிமீனும் கொட்டுமா?

கேள்வி: புயல் ஓய்ந்த பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நீல நிறத்தில் சின்னச் சின்ன உயிரினங்கள் ஒதுங்கிக் கிடந்தன. செத்த சொறிமீன் (ஜெல்லி மீன்) கொட்டாது என்கிறார்களே, உண்மையா? கொட்டினால் வினிகர் ஊற்றலாமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: செத்த சொறிமீனும் கொட்டும். அதன் உடம்பிலிருந்து தொங்கும் நூல்களில் இருக்கும் கொட்டும் செல்களுக்கு உடம்பில் உயிர் இருக்கவேண்டியதில்லை. விரல் பட்டாலே உள்ளே சுருண்டிருக்கும் நுண்ணூசி பாய்ந்துவிடும்.

சட்டைப் பொத்தான் போன்ற வட்டத்தட்டும் சுற்றிலும் நீல இழைகளும் இருந்தால் அது நீலப் பொத்தான். பெரும்பாலும் லேசான எரிச்சலோடு சரி. காற்றடைத்த பையும் நீல நூலும் இருந்தால் போர்ச்சுகீஸ் மேன் ஓ வார். எட்டவே நில்லுங்கள், நூல் பல மீட்டர் நீளும், மணலுக்குள் புதைந்தும் கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் அதே கரையில் ஒதுங்கிய நீல டிராகன் சொறிமீனே அல்ல, ஓடில்லாத கடல் நத்தை. ஆனால் மேன் ஓ வாரைத் தின்று அதன் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுக்கிறார்களே, அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கொட்டியதும் மணலை அள்ளித் தேய்ப்பதுதான் பலர் செய்வது. அதைவிடக் கெடுதல் இல்லை. வெடிக்காமல் மிஞ்சிய செல்களும் அழுத்தத்தில் வெடிக்கும். குழாய்த் தண்ணீர் பட்டாலும், உப்பின் அளவு சட்டென்று மாறுவதால், அதே கதைதான். கடல்நீரால் அலசுங்கள். ஒட்டிய நூலைச் சுரண்டாமல் இடுக்கியால் எடுங்கள். பிறகு சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் முக்கி வையுங்கள். கொட்டுப்படாத பெரியவர் ஒருவர் முதலில் கைவிட்டுச் சூடு தாங்குகிறதா என்று பார்க்கட்டும். குழந்தையின் தோல் வெந்துவிடக் கூடாது.

வினிகர், பெட்டி வடிவச் சொறிமீன் கொட்டியதற்கு நல்லது. 30 வினாடியாவது ஊற்றவேண்டும். வேறு சில வகைகளில் அதுவே செல்களைத் தூண்டிவிடும். மேன் ஓ வார் விஷயத்தில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. எது கொட்டியதென்று தெரியாவிட்டால் ஊற்றாதீர்கள். சிறுநீர், சாராயம் பேச்சே வேண்டாம். மூச்சுத் திணறல், வாந்தி, நெஞ்சு இறுக்கம் இருந்தாலோ கண்ணில் பட்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: சொறிமீனை ஏற்றுமதி செய்கிறார்களே, ஒதுங்கியதைச் சமைக்கலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது. ஏற்றுமதிக்குப் போவது சதைப்பற்றான சில வகைகள் மட்டும்தான். உயிரோடு பிடித்து, நூல்பகுதியை வெட்டி நீக்கி, சில மணி நேரத்துக்குள் உப்பும் படிகாரமும் போட்டுவிடுவார்கள். அப்படி மாற்றி மாற்றிப் பதப்படுத்தி முடிக்கவே மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். ஒதுங்கி வெயிலில் கிடந்ததோ நீங்கள் எடுப்பதற்குள்ளேயே அழுகத் தொடங்கியிருக்கும்.