எத்தனை கிலோமீற்றரில் வால் ஆடுகிறது? சிம் ரேஸிங் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

சனி இரவு, வெள்ளவத்தையில் நல்ல மழை. கரண்ட் நிற்கும்வரை பதில் சொல்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பகலில் கணக்குப் புத்தகம், இரவில் கம்ப்யூட்டர் கார்ப் பந்தயத்தில் ஸ்டியரிங். கார் செட்டப்பில் எனக்குத் தெரிந்த மூலை ஒன்றுதான்: சஸ்பென்ஷனும் காற்றும் சந்திக்கிற இடம்.

கேட்பவர்கள் ஊர்ப் பெயரோடு மூன்று விஷயம் எழுதுங்கள். என்ன கார், எந்த வளைவு, அந்த வளைவில் என்ன வேகம். வேகம் இல்லாத கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கொட்டாஞ்சேனை: அண்ணா, அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே கேம், பெல்ஜியத்து ஸ்பா ஓடுபாதை, ஜிடி3 பந்தயக் கார். அங்கே ஓ ரூஜ் பள்ளத்தில் முன்பக்கம் திடீரென்று பிடியை விடுகிறது, மேலே ஏறும்போது வால் போகிறது. மணிக்கு 240 கிலோமீற்றர் அளவில். முன்பக்கத்தை எவ்வளவு பதிக்கலாமோ அவ்வளவும் பதித்துவிட்டேன்.

வேகம் எழுதியதற்கே உமக்கு ஒரு ரீ வாங்கித் தரலாம்.

உம்முடைய கடைசி வசனத்திலேயே பதில் இருக்கிறது. கராஜ் திரையில் காட்டுகிற உயரம் கார் நிற்கும்போது உள்ள உயரம். டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைக் கீழே அமுக்கும் பாரம், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 120 இல் இருப்பதைப்போல 240 இல் நான்கு மடங்கு. ஆகவே அந்தப் பள்ளத்துக்கு வரும்போதே கார் ஏற்கெனவே நன்றாக அமர்ந்திருக்கும். அதற்கு மேல் பள்ளம் அதை இன்னும் அமுக்கும். ஸ்பிளிற்றர், அதாவது மூக்கின் அடியில் இருக்கும் தட்டு, நிலத்துக்குக் கிட்டக் கிட்டப் பிடி கூடும், உண்மைதான். ஆனால் ஓரளவுக்குக் கீழே போனால் அடியால் காற்று போக இடமில்லை, பிடி சட்டென்று விழும். அதையும் தாண்டி நிலத்தில் தொட்டால், ரயர் சுமக்க வேண்டிய பாரத்தைத் தரைத்தட்டு சுமக்கும். பாரம் இல்லாத ரயர் திரும்பாது. பிறகு ஏற்றத்தில் முன்பக்கம் ஒரேயடியாகப் பிடியைத் திரும்பப் பெறும். நீரோ அதற்குள் ஸ்டியரிங்கைக் கூடுதலாகத் திருப்பி வைத்திருப்பீர். வால் போகாமல் என்ன செய்யும்?

முதலில் முன் உயரத்தை 3 மில்லிமீற்றர் கூட்டிப் பாரும். அதை மட்டும். ஐந்து லப் ஓடும். தொடுகிறது நின்றால் காரணம் அதுதான். அப்புறம் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பம்ப்ஸ்டொப்பின் இடைவெளியைக் குறைத்துப் பாரும். பம்ப்ஸ்டொப் என்பது சஸ்பென்ஷன் பயணத்தின் முடிவில் இருக்கும் ரப்பர்க் கட்டை. மெதுவான வளைவில் அது வேலைக்கு வராது, ஸ்பிறிங் மட்டும்தான். வேகத்தில் கார் அமரும்போது முட்டிக்கொண்டு, 'இதற்குக் கீழே போகாதே' என்று பிடிக்கும். ஆனால் மிகக் கடினமான கட்டையில் திடீரென்று முட்டினால் அதுவும் ஒரு அதிர்ச்சி, அதுவும் பிடியைப் பறிக்கும். கடினத்தைக் குறைத்து, முன்கூட்டியே தொட வைப்பது என் விருப்பம். ஓட்டப் பதிவைக் கோடாகக் காட்டும் மோட்டெக் மென்பொருளில் சஸ்பென்ஷன் பயணக் கோட்டைப் பார்த்தால் எந்த இடத்தில் முட்டுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

தெஹிவளை: ப்ரோ, மொன்சா ஓடுபாதைக்கு நல்ல செட்டப் ஃபைல் ஒன்று தாங்க.

தரமாட்டேன். என் ஃபைல் என் பிறேக் காலுக்குத் தைத்தது.

பம்பலப்பிட்டி: மொன்சா நேர்பாதை முடிவில் 270 இல் கார் அடி தட்டுகிறது. வேகமான இடம் என்பதால் ஃபாஸ்ட் பம்ப் டாம்பரைக் கூட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை.

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. டாம்பர் என்பது ஸ்பிறிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக், பம்ப் என்றால் அது அமுங்குவது. அதில் 'ஃபாஸ்ட்', 'ஸ்லோ' என்பது காரின் வேகம் இல்லை, டாம்பருக்குள் பிஸ்டன் ஓடுகிற வேகம். காலி வீதியில் 30 இல் போகிற த்ரீவீலர் மேன்ஹோல் மூடியில் ஏறினால் அது ஃபாஸ்ட் பம்ப். மொன்சாவில் 270 இல் கார் மெல்ல மெல்ல அமர்கிறதே, அது ஸ்லோ. பிறேக் பிடித்து மூக்கு தாழ்வதும், திருப்பும்போது சாய்வதும் ஸ்லோதான். ஃபாஸ்ட் என்பது கேர்பும் (பாதையோரத் திட்டு) பள்ளமும்.

இன்னொன்று. டாம்பர் உயரத்தைத் தீர்மானிக்காது, அந்த உயரத்துக்கு எவ்வளவு கெதியாகப் போய்ச் சேருவது என்பதை மட்டும் தீர்மானிக்கும். நேர்பாதை நீளமானது, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். உமக்குத் தேவை ஸ்பிறிங், பம்ப்ஸ்டொப், அல்லது ரைட் ஹைட் என்கிற கார் உயரம்.

ரொறன்ரோ: இங்கே பனி, அதனால் நானும் வருகிறேன். 190 இல் போகிற வளைவுகளில் பின்பக்கம் பயமாக இருந்தது. விங்கை நான்கு படி ஏற்றினேன். இப்போது பின்பக்கம் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது, ஆனால் கார் திரும்பவே மாட்டேன் என்கிறது.

பின் விங் எங்கே இருக்கிறது? பின் அச்சுக்கும் பின்னால். சீசோவின் ஒரு நுனியில் ஆள் ஏறினால் மறு நுனி என்ன செய்யும்? விங்கைக் கூட்டினால் பின்னுக்குப் பாரம் சேர்வதோடு நிற்காது, முன் ரயரிலிருந்தும் கொஞ்சத்தைத் தூக்கிவிடும். கூடுதல் பாரத்தால் பின்பக்கம் இன்னும் அமரும், ரேக் (முன்னைவிடப் பின் உயர்ந்திருக்கும் சாய்வு) குறையும், ஸ்பிளிற்றர் நிலத்தை விட்டு விலகும். ஒரு மாற்றம் செய்ததாக நினைத்தீர், மூன்று நடந்துவிட்டது. விங்கை இரண்டு படி இறக்கி, பின் உயரத்தை 2 மில்லிமீற்றர் கூட்டிப் பாரும். மெதுவான ஹெயர்பின் வளைவில் பெரிதாக எதுவும் மாறியிருக்கக்கூடாது. அங்கேயும் திரும்பாவிட்டால் பிரச்சினை காற்றில் இல்லை, கார் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் பக்கம் போக வேண்டும்.

வெள்ளவத்தை: அண்ணா, என்னுடையது சாப்பாட்டு மேசையில் பூட்டுகிற சின்ன வீல். கதிரையும் உருளும். இதில் செட்டப் பார்த்துப் பிரயோசனம் உண்டா?

உண்டு தங்கச்சி. காருக்கு உங்கள் மேசை தெரியாது. கதிரைச் சில்லுகளுக்குப் பழைய செருப்பு வையுங்கள்; நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓடினேன்.

மட்டக்குளி: மொன்சா செட்டப் ஃபைல் கிடைக்குமா?

மேலே பாரும்.

பஞ்சிகாவத்தை: தம்பி, நான் இங்கே ஷொக், ஸ்பிறிங் வேலை செய்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. மகன் காட்டியதால் வாசித்தேன். வால் ஆடினால் பின் ஸ்பிறிங்கை மெதுவாக்கு என்பதுதான் நாங்கள் படித்தது. நீர் எல்லோருக்கும் உயரம், கட்டை, கடினம் என்று சொல்கிறீர். கம்ப்யூட்டர் காருக்கு வேறு உலகமா?

வாருங்கள் ஐயா. உலகம் ஒன்றுதான், வேகம் வேறு. 80 இல் வால் ஆடினால் நீங்கள் சொன்னதுதான் மருந்து, நானும் அதைத்தான் செய்வேன். 250 இலிருந்து பிறேக் பிடிக்கும்போது ஆடினால் அதே மருந்து நோயைக் கூட்டும். வட்ட எண்களில் கணக்குப் பார்ப்போம்.

ஒரு காருக்கு 250 இல் பின்பக்கம் 600 கிலோ டவுன்ஃபோர்ஸ் என்று வைப்போம். பின் இரண்டு சக்கரமும் சேர்த்து மில்லிமீற்றருக்கு 30 கிலோ தாங்கும் ஸ்பிறிங். பின்பக்கம் 20 மில்லிமீற்றர் அமரும். 125 க்கு இறங்கினால் டவுன்ஃபோர்ஸ் காற்பங்கு, 150 கிலோ, 5 மில்லிமீற்றர். அதாவது வேகம் குறைந்ததாலேயே வால் 15 மில்லிமீற்றர் எழும்புகிறது. பிறேக்கில் 300 கிலோ முன்னுக்குப் போனால் இன்னும் 10. மொத்தம் 25.

இப்போது உங்கள் மருந்தைப் போட்டு ஸ்பிறிங்கை 20 ஆக்குகிறேன். 30 அமரும், பிறகு 7.5 ஆகும், எழும்புவது 22.5. பிறேக்குக்கு 15. மொத்தம் 37.5. வால் அவ்வளவு உயர, மூக்கும் தாழ, பிடியின் மையம் முன்னுக்கு ஓடுகிறது. சரியாக ஓட்டுனர் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குகிற நேரத்தில்.

பஞ்சிகாவத்தை: கணக்குச் சரி. ஆனால் கடினமாக்கினால் ரயர் றோட்டில் நிற்காது, குதிக்கும். குதிக்கிற ரயருக்கு உம்முடைய காற்று என்ன செய்யும்?

தெஹிவளை: ஐயா, ஃபோர்முலா வண் கார் எல்லாம் கல் மாதிரி இறுக்கம். அவர்களுக்குத் தெரியாததா?

வெள்ளவத்தை: நான் ஐயா பக்கம். போனமாதம் ஸ்பிறிங்கை உச்சத்தில் வைத்தேன். ஒவ்வொரு கேர்பிலும் தவளை.

சரி, ஆளுக்கு ஆள் தொடங்கிவிட்டீர்கள். தெஹிவளைத் தம்பி, அவர்கள் இறுக்குவது இறுக்கம் பிடித்து அல்ல. தரைத்தட்டை ஒரே உயரத்தில் வைத்திருக்க வேண்டும், அதற்குக் கொடுக்கிற விலை அது. விலை கொடுக்காமல் தப்பிக்க வழி தேடியதுதான் இந்த விளையாட்டின் பாதிச் சரித்திரம். 1992 இல் நைஜல் மான்செல் சம்பியனான வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி காரில் உயரத்தைப் பார்த்துக்கொண்டது கம்ப்யூட்டர். 1994 இலிருந்து அந்த வகை சஸ்பென்ஷனைத் தடைசெய்துவிட்டார்கள்.

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை மூன்றாவது ஸ்பிறிங். இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக அமர்ந்தால்தான் அது முழுதாக எதிர்க்கும். டவுன்ஃபோர்ஸும் பிறேக்கும் அந்த வகை. கார் சாயும்போது ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கும், அப்போது அது ஒதுங்கிவிடும். ஆகவே ஓர ஸ்பிறிங்கை நீங்கள் சொன்னபடி மெதுவாக விட்டு, உயரத்தைக் காக்கும் வேலையை நடு ஸ்பிறிங்கிடம் கொடுக்கலாம். பந்தயத்துக்கென்றே கட்டிய புரோட்டோடைப், ஃபோர்முலா கார் ஓட்டுகிறவர்கள் முதலில் அங்கே கைவையுங்கள். ஜிடி3 இல் பொதுவாக அது கிடையாது. அதனால்தான் கொட்டாஞ்சேனைத் தம்பியிடம் பம்ப்ஸ்டொப்பைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அது ஏழையின் மூன்றாவது ஸ்பிறிங்.

பஞ்சிகாவத்தை: இதை முதலே சொல்லியிருக்கலாமே. லொறியில் இரண்டாம் பட்டை போடுவோம், வெறுமையாக ஓடும்போது தொடாது, பாரம் ஏற்றினால் தொடும். அதே கதை.

அதேதான் ஐயா. நான் அரை மணித்தியாலம் எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

கல்கிசை: 1999 லூ மான் பந்தயத்தில் மேர்சிடிஸ் சிஎல்ஆர் கார் பறந்ததும் ஸ்பிறிங் மெதுவாக இருந்ததாலா?

அதை ஸ்பிறிங் தலையில் மட்டும் கட்ட முடியாது. அந்தக் காருக்கு அச்சுகளுக்கு வெளியே மூக்கும் வாலும் நீளம். மேட்டில், முன்னால் போகிற காரின் கலங்கிய காற்றில் மூக்கின் பிடி குறைய, மூக்கு எழும்பி அடியில் காற்றுப் புகுந்தது. மார்க் வெபருக்குப் பந்தயத்துக்கு முன்பே இரண்டு தடவை, பீட்டர் டம்பிரெக்குக்குப் பந்தயத்தில் ஒரு தடவை. எல்லோரும் உயிரோடு வந்தது பெரிய விஷயம். சிம்மில் உமக்கு அதில் பாடம் ஒன்று: முன்னால் ஒருவரை ஒட்டிப் போகும்போது வருகிற அன்டர்ஸ்டியருக்காக (முன்பக்கம் திரும்பாமல் அகலமாகப் போவது) செட்டப்பை மாற்றாதீர். தனியாக ஓடும்போது அது இருக்காது.

யாழ்ப்பாணம்: 2022 இல் ஃபோர்முலா வண் கார்கள் நேர்பாதையில் குதித்ததும் இதே பிரச்சினையா?

இதன் பெரியண்ணன். அந்த வருடம் காரின் அடியில் சுரங்கம்போன்ற பாதைகள் வந்தன. வேகம் கூட அடித்தட்டு நிலத்தை நோக்கி இழுபடும். மிகக் கிட்டப் போனதும் காற்று அடைபட்டுப் பிடி விடும். ஸ்பிறிங் காரைத் தூக்கும். தூக்கியதும் காற்றுத் திரும்ப ஓடும், மறுபடி இழுபடும். லோட்டஸ் காலத்தில், 1970களின் கடைசியிலும், இதே குதிப்பு இருந்தது. 2022 பெல்ஜியம் பந்தயத்திலிருந்து குதிப்புக்கு அளவு வைத்தார்கள், 2023 இல் அடித்தட்டு ஓரங்களை 15 மில்லிமீற்றர் உயர்த்தச் சொன்னார்கள். விடை அப்போதும் உயரம்தான், பார்த்தீர்களா?

மருதானை: ஓவர்ஸ்டியர் வருகிறது, வால் போகிறது. என்ன செய்யலாம்?

எத்தனை கிலோமீற்றரில்?

மருதானை: எல்லா இடத்திலும்.

அப்படியென்றால் முதலில் ரயர் அழுத்தம். கொம்பெடிசியோனேயில் ஜிடி3 உலர் ரயர் சூடானபின் 26 க்கும் 27 பிஎஸ்ஐக்கும் இடையில் நிற்க வேண்டும். அது சரியில்லாமல் வேறு எதையும் தொடாதீர்.

நுகேகொட: என் வேகன் ஆர் காரை இறக்கினால் டவுன்ஃபோர்ஸ் வருமா?

வராது. மிச்சத்தைப் பஞ்சிகாவத்தை ஐயாவிடம் கேளும்.

பஞ்சிகாவத்தை: வேகத்தடையில் அடி தட்டும். வேண்டாம்.

கிராண்ட்பாஸ்: சிங்கப்பூர் சேர்வரில் பிங் கூடுகிறது. அப்புறம் மொன்சா செட்டப்...

பிங் என் துறை இல்லை. மற்றது, மேலே, இரண்டு தடவை.

கொட்டாஞ்சேனை: அண்ணா, இடையில் போய் ஓடிவிட்டு வந்தேன். 3 மில்லிமீற்றர் கூட்டினேன். ஓ ரூஜில் தட்டுவது நின்றது, வால் போகவில்லை. ஆனால் பூஹோன் வளைவில் இப்போது முன்பக்கம் கொஞ்சம் அகலமாகப் போகிறது.

போகும். எல்லா வளைவிலும் ஸ்பிளிற்றர் 3 மில்லிமீற்றர் மேலே இருக்கிறதே. அதில் ஒரு மில்லிமீற்றரைத் திரும்ப இறக்கி, பம்ப்ஸ்டொப் இடைவெளியை ஒரு படி குறையும். அடுத்த முறை பூஹோனில் என்ன வேகம் என்பதையும் எழுதும்.

பஞ்சிகாவத்தை: தம்பி, மகன் கேட்கிறான், ஒரு நாள் வந்து ஓடிப் பார்க்கலாமா என்று.

மகனா, நீங்களா ஐயா? ஞாயிறு பின்னேரம் வாருங்கள். கதிரை உருளாது.