ஹெபடைடிஸ் பி உள்ளவரோடு ஒரே வீட்டில் இருந்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

கொழுந்தனாருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) பாசிட்டிவ், கூட்டுக் குடும்பம், தட்டு டம்ளரைப் பிரிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. நாங்கள் பிரித்துப் பார்த்தவர்கள், அதனால் சொல்கிறேன்.

2014-ல் என் தம்பி கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தான். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து போன், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று. அன்று சாயங்காலமே அம்மா அவனுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்துவிட்டார். எங்கள் ஊரில் எல்லாமே மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லியும் அரைத்தாயிற்று. ஆனால் அப்பாவும் அவனும் ஷேவ் செய்தது ஒரே ரேசரில். நெயில் கட்டரும் வீட்டுக்கே ஒன்றுதான். டாக்டர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

சாப்பாடு, தண்ணீர் வழியாக வருவது ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும். பி அப்படியில்லை. ரத்தத்திலும் விந்து போன்ற உடல் திரவங்களிலும் போகிறது. உடம்புக்கு வெளியே 7 நாள் வரைகூட வீரியத்தோடு இருக்கும். ரேசரில் ஒட்டிய, கண்ணுக்கே தெரியாத ரத்தம் போதும். டூத் பிரஷ், சுகர் பார்க்கும் ஊசி எல்லாம் இந்தக் கணக்குதான். சலூனில் புது பிளேடு கேளுங்கள். பச்சை குத்துவதென்றால் புது ஊசி. கொழுந்தனாரின் மனைவிக்குத் தடுப்பூசி முடிந்து, எதிர்ப்புசக்தி வந்துவிட்டது என்று டெஸ்டில் தெரியும்வரை ஆணுறை அவசியம். கட்டிப்பிடிப்பதால், இருமலால், கொசுக்கடியால் வராது.

பிறகு எங்கள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அம்மாவுக்கும் பாசிட்டிவ். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். பிறக்கும்போது தொற்றினால் 10-ல் 9 குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். தம்பிக்குப் பிரசவத்தில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். எனக்கு எப்படித் தப்பியது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அம்மா அன்று யாரோடும் பேசவில்லை. தம்பியின் தட்டு மட்டும் பழையபடி எல்லாத் தட்டுகளோடும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி), எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். தாய்க்கு பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்புசக்தி) ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தம்பி 1995-ல் பிறந்தவன், அப்போது இதெல்லாம் அரசுத் திட்டத்தில் இல்லை.

வீட்டில் எல்லோரும் முதலில் டெஸ்ட் எடுங்கள். நெகட்டிவ் வந்தவர்களுக்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கொழுந்தனாருக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் கல்லீரல் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த மூன்றாவது ஊசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். என் அப்பா இரண்டோடு நிறுத்தப் பார்த்தார், நான்தான் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.