உறைமோரைத் தாக்கும் வைரசும் பற்றீரியாவின் நினைவும்

மாங்குளத்தில் எருமைத் தயிர் விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “மாதக்கணக்காக ஒரே உறைமோரில் தயிர் நன்றாக உறைந்தது. இரண்டு கிழமையாகப் பால் தண்ணீராகவே கிடக்கிறது. பற்றீரியாவையும் வைரசு தாக்கும் என்கிறான் மகன். அப்படியானால், அதே மோரைத் தொடர்ந்து ஊற்றிவந்தால் பற்றீரியா தானாகவே நிர்ப்பீடனம் பெற்றுவிடாதா?”

மகன் சொல்வது சரி. ஆயினும் முதலில் பாலைச் சந்தேகியுங்கள். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட எருமையின் பாலில் மருந்து எஞ்சியிருந்தாலும் தயிர் உறையாது. அதே பாலில் ஒரு கோப்பையளவு எடுத்து, அயல்வீட்டு உறைமோரை இட்டுப் பாருங்கள். அது உறைந்தால் பழுது உங்கள் உறைமோரில்தான்.

இனி நிர்ப்பீடனத்துக்கு வருவோம். வைரசு பற்றீரியாவின் மேல் ஒட்டி, தன் டி.என்.ஏ.யை உள்ளே செலுத்துகிறது. பெரும்பாலான கலங்கள் வெடித்து அழிய, மிக அரிதாக ஒரு கலம் அந்த டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 30 எழுத்து (டி.என்.ஏ.யை ஆக்கும் இரசாயன அலகுகளையே ‘எழுத்து’ என்கிறோம்) நீளமான துண்டொன்றை வெட்டியெடுத்து, தன் டி.என்.ஏ.யில் ‘கிறிஸ்பர்’ எனப்படும் பகுதியின் முன்வரிசையில் செருகிக்கொள்கிறது. கடன் கொப்பியில் புதிய பெயரை மேலே எழுதுவதைப் போல. அதே வைரசு மீண்டும் நுழைந்தால், அத்துண்டின் ஆர்.என்.ஏ. நகலைத் தாங்கிய வெட்டும் புரதம் எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தியவுடன் வைரசின் டி.என்.ஏ.யைத் துண்டித்துவிடுகிறது. இது 2007இல் சோதனையால் நிறுவப்பட்டதும் தயிர், யோகட் தயாரிக்க உதவும் ‘ஸ்ரெப்ரோகொக்கஸ் தேர்மோபிலஸ்’ என்ற பற்றீரியாவில்தான். எங்களுக்கு இட்ட தடுப்பூசியின் பயன் பிள்ளைக்கு அப்படியே இறங்குவதில்லை; பற்றீரியாவின் இந்தப் பதிவோ கலம் பிரியும்போதெல்லாம் சந்ததிக்குப் போய்ச் சேருகிறது. எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதுவே.

ஆனால் இதை நம்பி உங்கள் வியாபாரத்தைக் காத்திருக்கவைக்க வேண்டாம். தப்பிய சில கலங்கள் பெருகுவதற்குள் பால் கெட்டுவிடும். வைரசும் சும்மா இராது. பொருந்தவேண்டிய இடத்தில் ஓரெழுத்து மாறினாலே அது தப்பிவிடக்கூடும். பல வீட்டு மோர் கலந்த பழைய உறை இலகுவில் முற்றாகத் தோற்காததற்குக் காரணம், அதிலுள்ள பலவகைப் பற்றீரியாக்களை ஒரே வைரசு தாக்க முடியாமையே.

ஆகவே பழைய மோரை முழுவதும் அகற்றுங்கள். உறை வைத்த மண்சட்டியின் நுண்துளைகளில் மோர் ஊறியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள். கரண்டி, வடிதுணி எல்லாவற்றையும் கொதிநீரில் அவித்து வெயிலில் காயவையுங்கள். பாலை நன்றாகக் கொதிக்கவைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறியபின், வேறு இரண்டு வீடுகளின் உறைமோரைக் கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இடுங்கள்.