ஃபோம் எங்கே பிதுங்குகிறது? பஃப் எழுத்து பஞ்சிங் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தொப்பியில் போடும் பஃப் எழுத்துகளைப் பற்றியவை. துணிமேல் ஃபோம் என்ற மெத்தென்ற தாளை வைத்து, அதன் மேல் எம்பிராய்டரி மிஷினில் தைத்து மேடாக எழுப்பும் எழுத்துகள்தான் பஃப். அந்த டிசைனைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றி அமைப்பது பஞ்சிங். அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எழுத்தின் இரண்டு பக்கமும் சுத்தமாக வருகிறது. ஆனால் ஆங்கில 'எல்', 'ஐ', 'ஹெச்' எழுத்துகளின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஃபோம் பிதுங்கி நிற்கிறது. டென்சிட்டியை, அதாவது தையல் நெருக்கத்தைக் கூட்டியும் சரியாகவில்லை.

டென்சிட்டியால் இது சரியாகாது. கோட்டின் அகலம் முழுக்க நூல் நெருக்கமாகப் படுக்கும் சாட்டின் தையல் போகும் வழியைப் பாருங்கள். 'ஐ' மாதிரி நிற்கும் கோட்டில் ஊசி இடமும் வலமுமாகப் போய் வருகிறது. துளை விழுவது அந்த இரண்டு ஓரங்களில்தான். ரசீதுப் புத்தகத்தில் கிழிக்கிற இடத்தில் வரிசையாகத் துளை இருக்குமே, அதே கணக்குதான். அங்கே ஃபோம் தானாக அறுந்துவிடும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் துளை வரிசையே கிடையாது. கடைசித் தையல் முனைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. வெட்ட எதுவும் இல்லாத இடத்தில் நீங்கள் பிடித்து இழுக்கிறீர்கள், பிசிறு நிற்கிறது.

இதற்குக் கேப்பிங் போட வேண்டும். திறந்த முனை ஒவ்வொன்றிலும், மெயின் சாட்டினுக்கு முன்னால், 2 அல்லது 3 மி.மீ. நீளத்துக்குச் சின்னதாக ஒரு சாட்டின் துண்டு. அதன் தையல் கோணத்தை மெயின் தையலுக்குக் குறுக்காகத் திருப்பிவிடுங்கள். அப்போது ஊசி முனைக்கோட்டின் மேலேயே வரிசையாக இறங்கி ஃபோமை வெட்டும். அப்புறம் மெயின் சாட்டின் அதன் மேல் ஏறி மூடிவிடும். கேப்பின் உள்பக்க விளிம்பை நேர்கோடாக விடாதீர்கள், ஏற்ற இறக்கமாக வையுங்கள். நேராக இருந்தால் மேலே ஒரு வரப்பு மாதிரி தெரியும். 'எல்' மூலையில் சாஃப்ட்வேர் தானாகப் போடும் மூலையை நம்ப வேண்டாம். இரண்டு கோட்டையும் தனித்தனியாகப் போட்டு, முதல் கோட்டின் முனைக்குக் கேப் கொடுத்து, இரண்டாவது கோடு அதை மூடுகிற மாதிரி வையுங்கள்.

முதல் சாம்பிள் வந்ததும் அவசரமாகப் பிய்க்காதீர்கள். எழுத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு ஃபோமை மெல்ல இழுங்கள். துளை உள்ள இடத்தில் ஃபோம் 'டிக் டிக்' என்று விட்டுக்கொண்டே வரும். எங்கே பிடித்து நிற்கிறதோ அங்கே துளை இல்லை என்று அர்த்தம். அந்த இடங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டு போய் டிசைனைத் திருத்துங்கள். கம்ப்யூட்டர் திரையில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது.

கேள்வி: டென்சிட்டி 0.4 வைப்பது வழக்கம். ஃபோமுக்கு 0.2 வை என்கிறார்கள். குறைத்தால் எப்படி மூடும்?

அந்த எண் தையலுக்கும் தையலுக்கும் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். எண் குறைந்தால் நெருக்கம் கூடும். சாதாரண 40 நம்பர் நூலில் தட்டை சாட்டினுக்கு 0.4 சரி. 3 மி.மீ. ஃபோமுக்கு 0.18 முதல் 0.2, 2 மி.மீ. ஃபோமுக்கு 0.2 முதல் 0.22 வைத்துப் பாருங்கள். 0.15-க்குக் கீழே போனால் நூல் அறும், துணியும் வெட்டுப்படும்.

அதோடு ஜிக்ஜாக் அண்டர்லேயை, அதாவது மேல்தையலுக்கு அடியில் முதலில் போடும் தையலை, எடுத்துவிடுங்கள். அது ஃபோமை மேல்தையலுக்கு முன்பே நசுக்கிவிடும். ஃபோம் நகராமல் பிடிக்க, நீளமான ரன்னிங் தையல் ஒரு சுற்று போதும். மேல்நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, வேகத்தை நிமிடத்துக்கு 600, 700 தையலுக்குள் வையுங்கள்.

திருப்பூர் பக்கம் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியன் துணிக்காகப் பால் பாயின்ட் ஊசி மாட்டியிருப்பீர்கள். அந்த மழுங்கிய முனை ஃபோமைச் சுத்தமாக வெட்டாது. கூர்முனை 75/11 ஊசிக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டிசைனில் தப்பு தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கடைசியில் ஊசியில் வந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: தொப்பியில் 'தமிழ்' என்றும் 'அண்ணன்' என்றும் பஃப் கேட்கிறார்கள். ஆங்கிலம் மாதிரி வருமா?

'தமிழ்' வரும். 'அண்ணன்' கஷ்டம். காரணம் சுழி.

ஃபோம் எழுத்தில் கோடு குறைந்தது 4 மி.மீ. அகலம் இருந்தால்தான் மேடாகத் தெரியும். உள்ளே அடைபட்ட ஓட்டை 3 மி.மீ.யாவது வேண்டும், இல்லையென்றால் ட்வீசர் நுழையாது, வெட்டிய ஃபோம் உள்ளேயே கிடக்கும். மூன்று சுழி 'ண'வை இந்தக் கணக்கில் வரைந்து பாருங்கள், ஒரு எழுத்தே 30 மி.மீ.க்குப் பக்கத்தில் போய்விடும். தொப்பி முகப்பில் வசதியாகக் கிடைக்கும் அகலம் 110, 120 மி.மீ. நான்கு எழுத்தும் இடைவெளியும் அதில் அடங்காது. அதற்காகக் கோட்டை மெலிதாக்கினால் மேடும் போகும், எழுத்தும் போகும். 'அண்ணன்' கேட்பவரிடம் தட்டை எம்பிராய்டரியே அழகு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன்.

'தமிழ்' போடும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். 'மி'யின் மேல் வளைவு 'ம'வோடு சேரும் இடத்தில் இரண்டு சாட்டினும் ஒன்றன்மேல் ஒன்று முழுதாக ஏறினால் ஃபோம் நசுங்கிப் பள்ளம் விழும். ஒன்று மற்றதன் அடியில் 1 மி.மீ. மட்டும் நுழைந்து நிற்கட்டும். 'ழ'வின் வால் முனை திறந்த முனை, கேப் அவசியம். கடைசியாகப் புள்ளி. வட்டப் புள்ளியில் மேலும் கீழும் தையல் மிகவும் குட்டையாகி ஃபோம் எட்டிப் பார்க்கும். ஃபான்ட்டில் உள்ளதைவிடப் புள்ளியைப் பெரிதாக்கி, 6 மி.மீ. சதுரமாக, முனை மழுங்க வைத்து, இரண்டு பக்கமும் கேப் கொடுங்கள். ஃபான்ட் முழுக்க ஒரே தடிமன் உள்ளதாக இருக்கட்டும். தடித்தும் மெலிந்தும் வரும் அச்செழுத்து ஃபோமுக்கு ஆகாது.

கேள்வி: கஸ்டமர் தட்டை லோகோவின் டிஎஸ்டி ஃபைல் (எம்பிராய்டரி மிஷின் படிக்கும் ஃபைல்) கொடுத்திருக்கிறார். அதையே பெரிதாக்கி ஃபோம் வைத்து அடிக்கலாமா?

வேண்டாம். டிஎஸ்டியில் இருப்பது ஊசியின் நகர்வுகள் மட்டும், எழுத்து என்ற உருவம் அதில் இல்லை. மிஷினில் வைத்துப் பெரிதாக்கினால் தையல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், இடைவெளி இன்னும் அகலும். கேப்பும் இருக்காது. படத்தை வாங்கிப் புதிதாகப் பஞ்ச் பண்ணுங்கள். இன்னொன்று, டிஎஸ்டியில் ஒரு நகர்வு 12.1 மி.மீ.க்கு மேல் போகாது. கோடு அதைவிட அகலமானால் தையல் நடுவில் உடையும், ஃபோமின் நடுவிலேயே ஊசி இறங்கும். கோட்டை 10 மி.மீ.க்குள் வையுங்கள்.

கேள்வி: பஃப் எழுத்துக்குக் கீழே சின்னத் தட்டை எழுத்தும் உண்டு. எது முதலில்?

தட்டை எல்லாம் முதலில். ஃபோம் கடைசி. நடுவில் கலர் மாற்றம் ஒன்று வைத்து, அங்கே மிஷின் நிற்கும்படி செட் பண்ணுங்கள். அப்போது ஃபோமை வைக்க நேரம் கிடைக்கும். தொப்பி என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு எழுத்துகளை அடுக்குங்கள், துணி சுருங்கி நகராது.

கேள்வி: மிச்சப் பிசிறை லைட்டரால் பொசுக்கலாமா?

கூடாது. பாலியஸ்டர் நூல் உருகும், ரேயான் கருகும். பெரிய துண்டை ட்வீசரால் எடுங்கள். நூலுக்கு இடையே தெரியும் பொடிக்கு ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து ஓரிரு விநாடி காட்டினால் ஃபோம் சுருங்கி உள்ளே போய்விடும். நூலின் நிறத்திலேயே ஃபோம் வாங்கினால் இந்த வேலையே பாதி குறையும். கறுப்பு ஃபோமின் மேல் வெள்ளை நூலைப் போட்டுவிட்டு எவ்வளவு சூடு காட்டினாலும் அந்தக் கறுப்பு தெரிந்துகொண்டேதான் இருக்கும்.